நாலாம் நம்பர் சோளமும் என் தகரப் பலகையும்

10 செப்டம்பர் 1997, புதன். தூறல்.

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் குளியலறையில் ஆறு ஆண்டுகள் அயராது உழைத்த நீல நிற மக், இன்று காலை ஏழு மணியளவில் வெள்ளை எனாமல் பெயிண்டில் மூழ்கி அமரரானது. அன்னாருக்கு ஒரு கைப்பிடி உண்டு. வாரிசு இல்லை. இரங்கல் கூட்டத்தில் அம்மா பேசியதை இங்கே எழுத முடியாது.

குற்றவாளி நான் அல்ல. அப்பா. அப்பாகூட அல்ல, சோளம்.

(இந்த நோட்டு தமிழில் இருப்பது தமிழ்ப்பற்றால் அல்ல. இந்த மராத்தி ஊரில் பதினொன்றாம் வகுப்பில் என்னுடன் படிக்கும் அத்தனை பேருக்கும் இந்த எழுத்து ஜிலேபி. தனியாகப் பூட்டு வேண்டாம்.)

அப்பாவின் வேலை: விதைச் சோதனை. ஓர் அறக்கட்டளைக்காக ஐந்து வகைச் சோளத்தை வெவ்வேறு வயல்களில் விளைவித்து, எது எப்படி விளைந்தது என்று பச்சை அட்டை ரிஜிஸ்டரில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை ஷிரூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் அந்தக் கணக்கை விவசாயிகளுக்குக் காட்டி, ‘உங்களுக்கு எந்த விதை வேண்டும்?’ என்று கேட்க வேண்டும். போன ஊரில் சார்ட் பேப்பரில் எழுதிக் காட்டினார். மழை வந்து சார்ட் கஞ்சியானது. ஆகவே இந்த முறை தகரம். ஆகவே பெயிண்ட். ஆகவே நான்.

அப்பா இன்று ஷிரூர் கேம்ப் கிளம்பினார். சனி ராத்திரிதான் வருவார். போகும்போது ஒரு தாள் கொடுத்தார்.

“டேய் கண்ணு, இதுல இருக்கறத அப்படியே மராத்தில எழுதிரோணும். பெரிய பெரிய எழுத்தா. உன்ற கோமாளித்தனம் ஒண்ணும் வேண்டாம், கேட்டுக்கோ.”

தாளில் ஆறு கட்டம். விதையின் எண், தானியம் எவ்வளவு, எத்தனை நாளில் அறுவடை, குருவி தின்றது எவ்வளவு, பாக்ரி (சோள ரொட்டி) தட்டினால் ருசி எப்படி, ஆறாவது என்னமோ ஒன்று. விதைக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். பெயர் சொன்னால் பெயருக்காகவே எடுத்துவிடுவார்களாம். பரீட்சையில் நானும் வெறும் எண்தான். என்னை ஒருத்தரும் எடுக்கவில்லை.

11 வியாழன். மழை, கொஞ்சம் வெயில், மறுபடி மழை.

தெருமுனைப் பிள்ளையார் பந்தலில் கணபதி மண்டல் ஒலிபெருக்கி விடிந்ததிலிருந்து. ஒரே பாட்டு பதினோரு தடவை. எண்ணினேன். பெயிண்ட் காயும்வரை வேறு என்ன வேலை?

பலகை நிலவரம்:
கோடு – நேர். (அக்காவின் ஸ்கேல். அவளுக்குத் தெரியாது.)
தலைப்பு – சிவப்பு.
எழுத்து – அச்சு போல.
மொத்தத்தில் – ரேஷன் கடை வாசல். கொட்டாவி வருகிறது.

இதை எந்த மனுஷன் நின்று படிப்பான்? எனவே வலது ஓரத்தில் ஒரு மாடு. நீலக் கொம்பு, கழுத்தில் மணி, கண்ணில் ஒரு திமிர். அந்தத் திமிருக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. பிறகுதான் சிக்கல். ஆறு கட்டம், ஒரு மாடு, நாலடித் தகரம். யாராவது ஒருத்தர் நகர வேண்டும். மாட்டின் முகத்தைப் பார்த்தால் நகருகிற ஜாதி இல்லை. ஆறாவது கட்டம் பெருந்தன்மையாக விலகிக்கொண்டது.

அப்பா இதைத் தகவல் பலகை என்கிறார். தகரப் பலகை என்பதே சரி.

அக்கா எட்டிப் பார்த்தாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு, புள்ளியியல், நாக்கில் பூச்சிமருந்து.

“மாடா நாயாடா இது?”

“கொம்பு தெரியலயா?”

“உனக்குக்கூடத்தான் சில நாள் தெரியுது.”

14 ஞாயிறு. அங்கே மழை இல்லை. புழுக்கம்.

காலை ஐந்தரைக்கு ஜீப். பலகை, அம்மாவின் பழைய பெட்ஷீட்டிலும் பிளாஸ்டிக்கிலும் மாப்பிள்ளை போலச் சுற்றப்பட்டு என் மடிமேல். இரண்டரை மணி நேரம். தொடை என்னுடையது என்பதே மறந்துவிட்டது.

கோயில் மண்டபம். மேஜைமேல் ஐந்து வகைக் கதிர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு காலி வனஸ்பதி டப்பா. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. பிடித்த விதையின் டப்பாவில் போட வேண்டும். முதல் சுற்று, கதிரை மட்டும் பார்த்து. இரண்டாம் சுற்று, பலகையைப் பார்த்தபின். எது நல்லது என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, ஆபீஸ் சட்டம். அப்பா வாயை மூடிக்கொண்டிருந்ததை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

என் பங்குக்கு மேஜைக் கோடியில் ஆறாவதாக ஒரு டப்பா வைத்தேன். எண் இல்லை, கதிரும் இல்லை. சும்மா.

முதல் சுற்று. கதிரைக் கடித்தார்கள், ஊதினார்கள், மோந்தார்கள், உள்ளங்கையில் தேய்த்தார்கள். கேள்விகள் வேறு. கழுத்தில் டிரான்சிஸ்டர் தொங்கவிட்டிருக்கும் பாண்டுரங் என்பவர் மட்டும் ஏழு கேட்டார். (எல்லாம் மராத்தி. தமிழில் எழுதுகிறேன்.)

“யார் வயல்ல வெளஞ்சது? கறுப்பு மண்ணா? கெணறு இருந்துச்சா? எத்தனை தண்ணி? அந்த ஆளுக்கு எத்தனை பசங்க?”

பசங்க எதற்கு? களை எடுக்க ஆள் உண்டா என்று தெரியணுமாம். தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டாம் நம்பர் ஜெயித்தது. காரணம் கேட்டால், ‘முத்து மாதிரி இருக்கு.’ சோளமா, சம்பந்தமா?

பிறகு பலகை திறப்பு விழா. பெட்ஷீட்டை உருவினேன். ஒரே ‘ஓ!’ எல்லாக் கண்ணும் மாட்டின்மேல். அப்பாகூட, “மாடு நல்லாத்தான் இருக்குது,” என்றார், பாதிச் சிரிப்போடு. அதற்குள் யாரோ கையெழுத்துப் போட இழுத்துக்கொண்டு போனார்கள். பலகை பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு.

சகுபாய் என்று ஒருவர். அம்மாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். எல்லோரும் மாவ்ஷி, அதாவது சின்னம்மா என்கிறார்கள். கணவர் போசரியில் கம்பெனி வேலை, மாதம் ஒரு முறை வருவார். நிலம், உழவு எல்லாம் இவர்தான். ஊரில் பாதிப் பேர் நிலத்தை உழுவது இவருடைய ஜோடி மாடுகள். பெயர் ராஜா, ஸர்ஜா. போன கோடையில் தீவனம் தீர்ந்து, இரண்டையும் தங்கை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் இரண்டு மாசம் விட்டிருந்தாராம்.

“இந்த வருஷமும் அப்படி ஆச்சுன்னா சந்தைதான் பாளா. தங்கச்சி புருஷன் மொகத்த இன்னொரு தடவ பாக்க முடியாது.” (பாளா என்றால் பிள்ளை, அதாவது நான்.)

என் மாட்டை வெகு நேரம் பார்த்தார். “ஸர்ஜா மாதிரியே முறைக்குது,” என்றார். பிறகு ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். திருப்தியாகப் போனார். அப்போதுதான் டீ வந்தது. ஏலக்காய் டீ, கிளாஸ் சின்னது, ருசி பெரிது.

இரண்டாம் சுற்று: நாலாம் நம்பர்! டப்பா பொங்கி மேஜையில் கொட்டை சிதறியது. காலையில் அதைச் சீண்டக்கூட ஆளில்லை. தானியத்தில் அதுதான் முதல், அறுவடையும் சீக்கிரம், பலகையில் சிவப்பில் எழுதியிருந்தேன். சகுபாய் தன் நிலம் முழுக்க நாலு என்று விதைப் பட்டியலில் கைநாட்டு வைத்தார். மற்றவர்களும் பின்னாலேயே.

பலகை பேசியது. ஊர் கேட்டது.

(ஆறாவது டப்பாவில் நாலு கொட்டை. எண்ணும் இல்லாத, கதிரும் இல்லாத ஒன்றுக்கு நாலு ஓட்டு. கடவுளே.)

15 திங்கள். மழை. உடம்பு வலி.

வகுப்புக்குப் போகவில்லை. பிள்ளையாரைக் கரைக்கப் போகும் விசர்ஜன ஊர்வல டோல் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்கிறது.

ஒரு கிராமத்தின் மனதை ஒரு பிரஷ்ஷால் மாற்றியவன் வீட்டில் காலை டிபன் நேற்றைய சப்பாத்தி. அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன்.

“மொதல்ல எனக்கு மக்கு வாங்கிக் குடு. அப்பறம் ஊர மாத்து.”

17 புதன். வெயில்!

அப்பா ஆபீசிலிருந்து ஒரு மாதிரி முகத்தோடு வந்தார். பெரிய சாருக்கு மகா சந்தோஷமாம். மற்ற ஊர்களில் இதே கணக்கைக் காட்டியபோது ஆளுக்கு நிலத்தில் ஒரு பட்டைக்கு மட்டும் நாலாம் நம்பர் கேட்டார்களாம். இங்கே மட்டும் நிலம் முழுக்க. ஏன்? பலகை! ஆகவே இதே மாதிரிப் பலகை எல்லா ஊருக்கும். மாட்டோடு. அப்பா அறிக்கை எழுத வேண்டும்.

“அறிக்கையில எம் பேரு வருமாப்பா?”

அப்பா குழம்பை ஊற்றிக்கொண்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அந்த ஊர்லதான் மாடு ஜாஸ்தி. அங்க எப்படி இதைய எடுத்தாங்கன்னே புரியல.”

இது என்ன மனுஷன்! பிள்ளை ஜெயித்தால் ஒரு தட்டு தட்டிக்கொடுப்பதற்கு என்ன கேடு? மாடு அதிகம் என்பதால்தான் மாட்டுப் படம் பிடித்தது. இதுகூடவா புரியாது?

கையெழுத்துப் பழகினேன். அறிக்கைக்குத் தேவைப்படலாம்.

18 வியாழன். மூட்டம்.

சர்வநாசம்.

அறிக்கைக்காக அக்கா அட்டவணையைப் பிரதி எடுத்தாள். இடது பக்கம் அப்பாவின் ரிஜிஸ்டர், வலது பக்கம் ஹாலில் சாய்த்து வைத்த என் பலகை. திடீரென்று பேனா நின்றது.

“டேய். தட்டு எங்கடா?”

“கிச்சன்ல.”

“சோளத்தட்டுடா, வெளக்கெண்ண. ஆறாவது கட்டம்.”

சோளத்தட்டு. கதிர் அறுத்த பிறகு நிற்கும் காய்ந்த தண்டு. கிராமத்தில் கடபா என்பார்கள். மாட்டுக்கு வருஷம் முழுக்க அதுதான் சோறு. நாலாம் நம்பருக்கு ரிஜிஸ்டரில் தானியம் எல்லாவற்றையும்விட அதிகம். தட்டு எல்லாவற்றையும்விடக் குறைவு. பயிரே குட்டை.

அக்கா மாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாட்டுத் தீனிக் கட்டத்த எடுத்துட்டு, அந்த எடத்துல மாட்ட வரைஞ்சிருக்கான். அம்மா, இங்க வந்து உன் மேதைய பாரு.”

அப்பா வந்தார். ரிஜிஸ்டர், பலகை, மறுபடி ரிஜிஸ்டர். கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நானும் பாத்தனேடா. நின்னு மாட்டத்தான் பாத்தேன். எந் தப்பும் இருக்குது.” ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, “சகுபாய் நெலம் முழுக்க எழுதியிருக்கறாங்க. தை மாசம் அறுத்து மாசி பங்குனி தாண்டாது அந்தத் தட்டு. அந்த ஜோடி போச்சுன்னா அவங்க மட்டுமில்ல, பாதி ஊரு உழவுக்கு அல்லாடோணும்.”

வாதாடிப் பார்த்தேன். ஆறு கட்டத்துக்கு நாலடித் தகரம் கொடுத்தது யார்? குருவி தின்ற கணக்கு யாருக்கு வேண்டும்? மாட்டுக்குத் தீனி முக்கியம் என்று தாளில் அடிக்கோடு போட்டிருக்கலாமே?

விதைப் பட்டியல் திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போகிறது. அதற்குமுன் ஞாயிறு ஒன்றுதான்.

20 சனி. வெயில், அதாவது பெயிண்ட் காய்கிற வெயில்.

மாட்டின்மேல் வெள்ளை அடித்தேன். முதலில் வால். கடைசியில் கண். மூன்று பூச்சு அடித்தும் கண் மறையவில்லை. ஆறாவது கட்டத்தை எழுதியாகிவிட்டது: கடபா, ஐந்து வகைக்கும், பெரிய பெரிய எழுத்தாக. மூன்றாம் வரிக்கும் நாலாம் வரிக்கும் நடுவிலிருந்து மாடு முறைக்கிறது.

அக்கா பார்த்துவிட்டு, தன் ஸ்கேலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். திட்டினால்கூடப் பரவாயில்லை.

21 ஞாயிறு. ஜீப்பில் தூறல், அங்கே நல்ல வெயில்.

ஒருவழியாக முடிந்தது.

அதே மண்டபம், அதே டப்பாக்கள். ஐந்து மட்டும். ஆறாவதை நான் வீட்டிலேயே விட்டுவிட்டேன். இந்த முறை அப்பா பண்ணையிலிருந்து இரண்டாம் நம்பர், நாலாம் நம்பர் தட்டுக்கட்டு இரண்டு கொண்டுவந்திருந்தார். ஜீப்பிலேயே இருந்தது.

அப்பா எழுந்து, பலகையில் ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது, தப்பு எங்களுடையது, பார்த்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றார். எந்த விஷயம் என்று விரலால் காட்டவில்லை. ஆபீஸ் சட்டம்! தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வரிசை. முதலில் சகுபாய். பலகைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக நாலாம் டப்பா. டக், டக், டக். அடுத்து பாண்டுரங், டிரான்சிஸ்டரைத் திருகியபடியே, நாலு. அதற்குப் பின்னால் நாலு, நாலு, நாலு. நான் ஒரு நாள் முழுக்க எழுதிய கட்டத்தை ஒரு ஈ மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

அப்பா தாங்க முடியாமல் கேட்டார். “மாவ்ஷி, பலகையப் பாத்தீங்களா?”

“அதுல என்னத்தப் பாக்கறது ஸாஹேப்? நம்மகிட்ட எழுத்து கிடையாது. மாடு இருந்துச்சு, அதையும் அழிச்சிட்டீங்க.”

“அப்ப நாலாம் நம்பர எப்படி முடிவு பண்ணுனீங்க?”

“போன வாரமே கேட்டுட்டேனே, உங்க பையன்கிட்ட. நாலுல கடபா எப்படின்னேன். பர்பூர்னான், ஏராளமாம். படிச்ச பையன், ஸாஹேப் பையன், பொய்யா சொல்லுவான்?”

“நீங்க பாண்டுரங்?”

“மாவ்ஷி போட்டா சரியாத்தான் இருக்கும். அவங்க மாடு, அவங்களுக்குத் தெரியாதா?”

மண்டபம் முழுக்கத் தலையாட்டல். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். அப்படிப் பார்க்கவில்லை.

“மாவ்ஷி,” என்றேன். “எனக்குத் தெரியாது. கடபா எவ்வளவுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியவே தெரியாது. சும்மா சொன்னேன். நாலுலதான் எல்லாத்தையும்விடக் கம்மி.”

பாண்டுரங்கின் டிரான்சிஸ்டரில் யாரோ சோப்பு விற்றார்கள்.

சகுபாய் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். “ஜீப்புல கெடக்கறது அந்தக் கட்டுதானே ஸாஹேப்? கொண்டாங்க,” என்றார். என்னைத் தோளைப் பிடித்து மண்டபப் படியில் நிறுத்தினார். என் ஒரு கையில் நாலாம் நம்பர்த் தட்டு: என் மூக்குவரை. மறு கையில் இரண்டாம் நம்பர்: கையை முழுக்கத் தூக்கியும் நுனி எட்டவில்லை.

“இப்பப் படிங்கடா எல்லாரும். இதான் பலகை. அசையாம நில்லு பாளா, பலகை அசையக் கூடாது.”

சிரிப்பு கோயில் மணியைத் தாண்டியது. ஒவ்வொருவராக வந்து என்னைப் படித்தார்கள். தண்டைக் கிள்ளினார்கள், வளைத்தார்கள், ஒருவர் என் மூக்கையும் கிள்ளினார். கால் மணி நேரம் கை தூக்கியபடியே. அப்பா வாயில் கைவைத்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சகுபாய் டப்பாவிலிருந்து மூன்று கொட்டைகளைத் திரும்ப எடுத்தார். இரண்டை இரண்டாம் டப்பாவில் போட்டார். ஒன்றை நாலில்.

“ஒரு பட்டை நாலு, எங்க பாக்ரிக்கு. மிச்சம் ரெண்டு, ராஜா ஸர்ஜாவுக்கு.” பிறகு என்னிடம், “அமாவாசைக்கு போளா, மாட்டுப் பண்டிகை. வந்து நாலு கொம்புக்கும் நீதான் பெயிண்ட் அடிக்கற. தகரமில்ல, முட்டும்.”

மற்றவர்களும் டப்பாவைக் கவிழ்த்து மாற்றிப் போட்டார்கள். பலகை வெயிலில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

வரும் வழியில் அப்பா ஒன்றுதான் கேட்டார். “அது எதுக்குடா, தெரியாததைய தெரியும்னு சொன்னே?”

கூட்டம், பதற்றம், நல்லது நடக்கட்டும் என்ற எண்ணம் என்று ஏதேதோ சொன்னேன். அப்பா நம்பினாரா தெரியவில்லை. 14ஆம் தேதிப் பக்கத்தில் பலகை பேசியது, ஊர் கேட்டது என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட வேண்டும். பேசியது நான், ஒரே ஒரு வார்த்தை. அதையும் ஏன் சொன்னேன் என்றால், மண்டபத்து அந்தக் கோடியில் டீ வந்துவிட்டது, கிளாஸ் குறைவாக இருந்தது.